ஐந்தாவது சார்ஜ்

அத்தியாயம் 17

பரிசோதனை நாட்களில் லான்ஷியாங் பற்பசையைத் தொடுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். புதினா நாக்கில் ஒட்டிக்கொண்டால் மதியம்வரை இறங்காது.

பதினாறு வருடப் பழக்கம். கண்ணாடியைப் பார்க்காமலே கொப்பளித்துத் துப்பினாள். பார்த்தால் அதில் இருப்பவள் ஏதாவது கேட்பாள். கேட்பதற்கு அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

மூஷெங் போகட்டுமா, வேண்டாமா?

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் தொழிற்சாலைக்குப் புதுக் கிளை வருகிறது என்ற செய்தி வந்து பத்து நாளாகிவிட்டது. கிளைக்குப் பொறுப்பாளராக அவள் கணவன் மூஷெங்கின் பெயரை எழுதியிருந்தார்கள். மூன்று வருடம். ஆனால் கிளை திறப்பது ஒரே ஒரு பொருளை நம்பித்தான். லிச்சிச் சுவையில் ஒரு மின்சிகரெட். உள்ளே இருக்கும் திரவம் தீரும்வரை சார்ஜ் ஏற்றி ஏற்றி இழுக்கலாம். தீர்ந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர் அதை வாங்க வேண்டுமென்றால் சுவை அறையின் கையெழுத்து வேண்டும்.

சுவை அறைக்குத் தலைமை லான்ஷியாங்.

வேறு யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்று மேலாளர் ஃபாங்கிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்துவிட்டார்.

"உன் நாக்கு சொந்தபந்தம் பாக்காதுன்னு இந்த ஷாஜிங் ஊருக்கே தெரியும். போம்மா, போய் வேலையப் பாரு."

அன்றிலிருந்து அவள் கணவனிடம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் ஒரு சூட்கேஸைச் சுற்றி நடப்பதுபோல இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

சமையலறையில் மூஷெங் மாவு பிசைந்துகொண்டிருந்தான். இன்று வருடத்திலேயே குறுகிய பகல், குளிர்காலப் பண்டிகை. அவன் ஊரான சாவோஷானில் இன்று இனிப்பு உருண்டை சாப்பிட்டால்தான் ஒரு வயது கூடும். பதினாறு வருடத்தில் ஒரு வருடம்கூட அவன் அதை விட்டதில்லை.

"உனக்கு உப்பில்லாத கஞ்சி வச்சிருக்கேன்," என்றான் திரும்பாமல். "உருண்டை சாயங்காலம்தான்."

"இத சாப்பிட்டா உனக்கு அம்பது. பேசாம இந்த வருஷம் விட்டுட வேண்டியதுதானே?"

"நாம விட்டாலும் வயசு விடாது. வரிசையில நின்னாவது வந்துடும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். கஞ்சி சூடாக இருந்தது. ருசி என்று எதுவும் இல்லாத, அவளுக்கு மிகப் பழக்கமான கஞ்சி.

அப்போது லெய் உள்ளே வந்தான். கதவைத் தட்டுகிற பழக்கம் அவள் தம்பிக்குக் கிடையாது. கீழ்மாடியில் தனியாக இருக்கிறான். துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறான். முப்பத்தெட்டு வயதில் இருபது வருடம் சிகரெட் பிடித்தாகிவிட்டது.

"இந்தாக்கா, பத்து நாள் வளர்த்த பிள்ள. திருப்பி வாங்கிக்கோ."

உள்ளங்கைக்குள் அடங்கும் இளஞ்சிவப்பு நிறப் பெட்டி. முகப்பில் சின்னத் திரை. எந்தப் புதுப் பொருளும் சுவை அறைக்கு வருமுன் புகைப்பவர் ஒருவரின் பையில் பத்து நாள் கிடந்து வர வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. மேலே 'வயதுவந்தோர், அன்றாடப் பயன்பாடு' என்று போட்டிருக்கும். லான்ஷியாங் படிவத்தைப் பிரித்தாள்.

"'நாள் ஒன்று, நல்லா இருக்கு. நாள் ரெண்டு, நல்லா இருக்கு.' எதுக்குடா இவ்வளவு மெனக்கெட்ட?"

"நாலாம் நாளப் பாரு. விவரமா எழுதிருக்கேன்."

"'மழை. சாவியோட ஒரே பையில கெடந்துச்சு. ஒழுகல. சாவியில லிச்சி வாசம்.' ஒழுகலன்னா சாவி எப்படிடா லிச்சி வாசம் அடிக்கும்?"

"கொஞ்சூண்டு ஒழுகிருக்கும். மாமா செஞ்சதாச்சேன்னு எழுத மனசு வரல."

"நான் செஞ்சது பேட்டரியும் போர்டும் மட்டும்தான் மச்சான்," என்றான் மூஷெங். "ஒழுகுறது வேற ஆளு. தாராளமா எழுது."

"உதடு சுடுதா?" என்று கேட்டாள் லான்ஷியாங்.

"தொடர்ந்து நாலு இழுப்புக்கு மேல போனா சுடும்."

"அதையும் எழுதலையே."

"நாலோட நிறுத்திக்கலாம்ல?"

"நீ நிறுத்தினியா?"

லெய் நாற்காலியில் உட்கார்ந்தான். பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தான். விளையாட்டு கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நெசத்தச் சொல்றேன்க்கா. நாளுக்கு இருபது சிகரெட் நாலாயிடுச்சு. காலையில இருமல் இல்ல. வண்டிக்குள்ள நாத்தம் இல்ல. ஆனா சிகரெட்னா ஒண்ணு முடிஞ்சா முடிஞ்சது. கீழ போடுவோம், மிதிப்போம், வேலையப் பாக்கப் போவோம். இது முடியவே மாட்டேங்குது. எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியல. சிக்னல்ல நிக்கும்போது பாத்தா வாயில இருக்கு. எப்ப வச்சேன்னு ஞாபகம் இல்ல."

படிவத்தில் இதற்குக் கட்டம் எதுவும் இல்லை. லான்ஷியாங் ஓரத்தில் தன் கையெழுத்தில் அதை எழுதினாள். பத்து நாளில் அவன் சொன்ன உருப்படியான வாக்கியங்கள் அவைதான். அப்பா இருந்திருந்தால் இவன் இவ்வளவு பேசியதே இல்லை என்பார். அவருக்கு இருமலுக்கு இடையில்தான் பேச்சு. கடைசி வருடம் இருமல் மட்டும்தான்.

"நாலு சார்ஜ்னு போட்டிருக்க. நாலும் 'முழு சார்ஜ்'. அப்படியா?"

லெய் தலையைச் சொறிந்தான். "வண்டியில சார்ஜ் குத்துற எடம் ஆடுதுக்கா. பத்து நிமிஷம் ஏறும், குழியில எறங்கினா நின்னுடும். பச்ச லைட்ட நான் பாத்ததே இல்ல."

"பின்ன முழுசுன்னு எழுதிருக்க?"

"படிவத்துல முழுசு, பாதின்னு ரெண்டே கட்டம். நான் ஏத்துனது பாதிக்கும் கம்மி. எதுல போடுறது?"

லான்ஷியாங் திரையைப் பார்த்தாள். திரவம் கால்வாசி. பேட்டரி ஒரு கோடு.

"அப்ப இது ஒருதடவகூட முழு சார்ஜ்ல ஓடவே இல்ல. சரி விடு. இன்னிக்கு அஞ்சாவது சார்ஜ முழுசா ஏத்திட்டு நானே இழுத்துப் பாக்கறேன்."

மூஷெங்கின் கை ஒரு கணம் நின்றது. உருட்டிக்கொண்டிருந்த வெள்ளை உருண்டை ஒன்று மேசையிலிருந்து நழுவித் தரையில் ஓடியது. அவன் அதைக் குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு மாவு கிள்ளினான்.

 

*

சுவை அறை மூன்றாம் மாடியில் இருந்தது. வெள்ளைச் சுவர்கள், வெள்ளை மேசை. வாசனைத் திரவியம் பூசியவர்கள் கதவுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். மேசையில் வெந்நீர், உப்பில்லாத பிஸ்கட், துப்புவதற்குக் கிண்ணம். சுவரில் ஒரு பலகை: பூண்டு ஒரு நாள், மது இரண்டு நாள், மிளகாய் மூன்று நாள். அந்தந்த நாட்கள் கழியாமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

மிளகாய் வரியை எழுதச் சொன்னவள் லான்ஷியாங்தான். அவள் காரத்துக்குப் பேர்போன ஹுனான்காரி. மிளகாய் நாக்கில் எத்தனை நாள் தங்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

சுவை அறையில் இளையவளான யிங்சியும், கிடங்கிலிருந்து வந்த பெரியவர் ஹூவும் முன்பே முடித்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் குறை தெரியலக்கா," என்றாள் யிங்சி. "இழுப்பு லேசா இருக்கு. லிச்சி நல்லா வருது. அடுத்த மாசம் பாத்தாம் போறப்ப மூஷெங் அண்ணன் எனக்கு ஒரு கிளிஞ்சல் மாலையாவது வாங்கிட்டு வரணும்."

"உனக்கு மாலை. எனக்கு?" என்றார் ஹூ. "லான்ஷியாங்குக்கு வீட்டுக்காரரோட குறட்டைச் சத்தம் இல்லாத தூக்கம். அதுவே பெரிய பரிசு."

எல்லோரும் சிரித்தார்கள். லான்ஷியாங்கும் சிரித்தாள். பச்சை விளக்கு எரிந்தது. முழு சார்ஜ்.

அவர்கள் இருவரும் இழுத்தது சார்ஜ் ஏற்றுவதற்கு முன். அவள் அதைப் படிவத்தில் குறித்துக்கொண்டாள். வாயைக் கொப்பளித்தாள். இழுத்தாள்.

லிச்சி வந்தது.

முதலில் தோலின் லேசான துவர்ப்பு, பிறகு வெள்ளைச் சதையின் குளிர்ச்சி. அவளே கலந்தது. சீனாவில் இப்போது புகையிலைச் சுவையை மட்டும்தான் விற்கலாம். லிச்சியும் மாம்பழமும் கப்பலேறிப் போய்விடும். தான் கலந்ததை யார் எந்த ஊர்த் தெருவில் இழுக்கிறார்கள் என்று அவள் பார்த்ததே இல்லை.

ஆனால் அந்த லிச்சி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பதினாறு வருடத்துக்கு முன் தொழிற்சாலை என்பது ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே நாலாம் மாடி. முப்பது பேர். நீளமான வெள்ளைக் குச்சிகள், நுனியில் சிவப்பு விளக்கு, அசல் சிகரெட் என்று ஊரை ஏமாற்றப் பார்த்த குச்சிகள். சுவை நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். அவளுக்கு வேலை மூடி மாட்டுவது. ஒரு நாள் பேட்டரிப் பிரிவிலிருந்து ஒல்லியான ஒருவன் ஒரு குச்சியோடு அவளிடம் வந்தான்.

"கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்றீங்களா? இதுல தீஞ்ச வாடை வருதா? எனக்கு மட்டும்தான் வருதான்னு சந்தேகமா இருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் காது சிவந்துவிட்டது. லான்ஷியாங் குச்சியை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள்.

"அடிப்பிடிச்ச சோத்து வாடை. கம்பி தொடுற எடத்துல பஞ்சு கருகிருக்கு."

அவன் அங்கேயே குச்சியை உடைத்தான். பஞ்சு கருகியிருந்தது. கருகியதைப் பார்த்து ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை.

"நீங்க மட்டும் காரத்த விட்டா," என்றான் அவன், "இந்த ஊர்ல உங்க நாக்க ஜெயிக்க ஆளே கிடையாது."

தொலைபேசிக் கடையில் நின்று அம்மாவிடம் சொன்னபோது அம்மா கத்தியது பக்கத்துப் பெட்டியில் நின்றவனுக்கும் கேட்டது. "மிளகாய விடுறதா? எவன்டி சொன்னான்?"

"ஒரு சாவோஷான்காரன்மா."

"மீன வெந்நீர்ல காட்டிட்டுத் தின்ற கூட்டம்! அவனுக்கு என்னடி தெரியும் நாக்கப் பத்தி?"

அந்த ஜூனில் இருவரும் மொட்டைமாடியில் ஒரு பை லிச்சியைத் தின்று தீர்த்தார்கள். கொட்டைகளைக் கீழே தகரக் கூரைமீது வீசினார்கள். டப், டப் என்று விழுந்தன. 'ஒருநாள் இது மாதிரி ருசிக்கிற புகை ஒண்ணு செய்யணும்' என்று சொன்னது அவளா அவனா என்று பிறகு பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

லான்ஷியாங் இரண்டாவது முறை இழுத்தாள்.

லிச்சிக்குப் பின்னால், மிகத் தொலைவில், ஏதோ ஒன்று இருந்தது.

வாயைக் கொப்பளித்தாள். பிஸ்கட்டை மென்றாள். ஐந்து நிமிடம் காத்திருந்தாள். மூன்றாவது இழுப்பில் ஒன்றும் இல்லை. நாலாவதில் இருந்தது. அடிப்பிடித்த சோறு. பாத்திரத்தின் அடியில் ஒரு நகக்கண் அளவு.

அவளுக்குள் ஏதோ துள்ளியது. அந்தத் துள்ளல்தான் அவளைப் பயமுறுத்தியது.

கருகல் இருந்தால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் பாத்தாம் இல்லை. பாத்தாம் இல்லையென்றால் அடுத்த வருடமும் இதே நாளில் அந்தச் சமையலறையில் மாவு பிசையும் சத்தம் கேட்கும். இதை நாக்கு கண்டுபிடித்ததா, மனம் நாக்குக்குச் சொல்லிக்கொடுத்ததா?

மற்ற இருவருக்கும் தெரியவில்லை. பதினாறு வருடத்தில் முதல்முறையாக லான்ஷியாங் தன் நாக்கை நம்பவில்லை.

அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் மேலாளர் ஃபாங்கின் கதவைத் தட்டினாள்.

"இத அறுத்துப் பாக்கணும்."

"கையெழுத்துக்கு முன்னாடியா? அறுத்தா திரும்ப ஒட்ட முடியாதும்மா. பத்து நாள் ஓடினது இந்த ஒண்ணுதான் இருக்கு."

"என் வாய்ல கருகல் வருது. நெசமா வருதான்னு எனக்கே தெரியணும்."

ஃபாங் அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மூஷெங்கைக் கூப்பிட்டனுப்பினார். அந்தத் தொழிற்சாலையில் பெட்டியை உள்ளே சிதையாமல் அறுக்கத் தெரிந்தவன் அவன்தான்.

மூஷெங் விளக்கடியில் உட்கார்ந்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை. மெல்லிய கத்தியால் ஓரத்தைக் கீறி, மூடியைத் தூக்கி, இடுக்கியால் பஞ்சை வெளியே எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தான்.

ஒரு ஓரம் பழுப்பு. பச்சைப்பயறு அளவு.

 ஃபாங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வீட்லயே பேசி முடிச்சுட்டு வந்தீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் சிரிப்பு கண்வரை போகவில்லை. லான்ஷியாங் காகிதத்தில் கிடந்த பஞ்சைப் பார்த்தாள். அது பொய் சொல்லவில்லை. அவள் நாக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துள்ளல்? அதை எந்தக் கத்தியால் அறுத்துப் பார்ப்பது?

"வாடிக்கையாளர் நாளன்னிக்கு ராத்திரி விமானம்," என்றார் ஃபாங். "இன்னொரு பத்து நாள் காத்திருக்க நேரமில்ல. அதுக்குள்ள புதுசு செஞ்சு, மெஷின்ல கால்வாசி வரைக்கும் ஓட்டி, நீ இழுத்து, கையெழுத்துப் போட்டா உண்டு. இல்லன்னா அடுத்த தெரு தொழிற்சாலைக்குப் போயிடுவாரு. மூஷெங், முடியுமா?"

மூஷெங் கத்தியைத் துடைத்து உறையில் போட்டான்.

"பாத்துட்டுச் சொல்றேன்."

*

பண்டிகைக்காக நாலு மணிக்கே விட்டுவிட்டார்கள். இருவரும் பேருந்துக்குப் போகாமல் நடந்தார்கள். யார் முதலில் திரும்பியது என்று தெரியவில்லை. பழைய தெருவுக்குள் வந்திருந்தார்கள்.

இரும்புச் சாமான் கடை இப்போது கைப்பேசிக் கடை. நாலாம் மாடி ஜன்னல்களில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். கீழே சிப்பி விற்கும் பெண் ஒருத்தி ஓடுகளை உடைத்துக்கொண்டிருந்தாள். சிப்பிக் காலம். தெரு முழுக்கக் கடல் வாசம்.

"அந்தத் தகரக் கூரை இல்ல," என்றாள் லான்ஷியாங்.

"எப்பவோ எடுத்துட்டாங்க. கூரை மேல லிச்சிக் கொட்ட வீசினவங்களத் தேடிட்டு இருந்தானே ஒரு கிழவன், அவன் பையன்தான் இப்ப கைப்பேசிக் கடை வச்சிருக்கான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பப்ப வருவேன்."

அது அவளுக்குத் தெரியாது. ஒருவன் மனைவிக்குத் தெரியாமல் போகிற இடம், மனைவியைச் சந்தித்த இடமாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"காலையிலேயே தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். "முழு சார்ஜ்னு நான் சொன்னதும் உருண்டய விட்டியே."

அவன் வழியில் கிடந்த சிப்பி ஓடு ஒன்றைக் காலால் ஓரம் தள்ளினான்.

"சந்தேகம் இருந்துச்சு. பேட்டரி நெறஞ்சிருக்கும்போது சூடு ஜாஸ்தி. திரவம் கம்மியானா பஞ்சு காயும். அப்ப சூட்டக் கொறைக்கணும். போன வருஷம் நான் சொன்னேன், தேவையில்லன்னாங்க. விட்டுட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா, போகாம இருக்கறதுக்குத்தான் இத சொல்றானோன்னு நீ நெனப்ப. சொல்லாம இருந்தா, போறதுக்காக மறைக்கிறான்னு நானே நெனப்பேன். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு மாவு பிசஞ்சேன்." கொஞ்சம் சிரித்தான். "உன் நாக்கு கண்டுபிடிக்கும்னு தெரியும். அதுகிட்டயே விட்டுட்டேன்."

"என் நாக்குல கருகல் பட்டப்ப நான் சந்தோஷப்பட்டேன்," என்றாள் லான்ஷியாங்.

இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவன் நின்றான். சிப்பிக்காரி இருவரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஓட்டைத் தட்டினாள்.

"எங்க தாத்தா நான்யாங், அதான் தெற்குக் கடல் தீவுகளுக்குப் போறேன்னு கப்பலேறினவரு," என்றான் மூஷெங். "ரெண்டு கடிதம் வந்துச்சாம். அப்புறம் இல்ல. எங்க வீட்ல கடல் தாண்டறதுன்னாலே அழுவாங்க. நான் அப்படி இல்ல. விமானத்துல சாப்பாட்டுத் தட்டு வர்றதுக்குள்ள எறங்கற எடம் வந்துடும்."

"தட்டு வராதுன்னா இன்னும் மோசம். பசியோட எறங்குவ."

"பேச்ச மாத்தாத."

"சரி, சொல்லு. அத சரி பண்ண முடியுமா?"

"அரை மணி நேரம்!" அவன் குரல் மாறிவிட்டது. "திரவம் கால்வாசிக்கு வந்ததும் போர்டு தானா சூட்டக் கொறைக்கிற மாதிரி எழுதணும். பழைய மாடல்ல நான் செஞ்சதுதான். அதையே இதுக்குச் சின்னதாக்கி, பத்து பத்து இழுப்பா கொறைச்சா இழுக்கறவனுக்கே தெரியாது, இங்க பாரேன்..."

அவன் அவள் உள்ளங்கையை இழுத்து விரலால் கோடு வரைந்து காட்டினான். சூடு இங்கே, திரவம் இங்கே. காது சிவந்திருந்தது.

லான்ஷியாங் கோட்டைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை அவள் கடைசியாகப் பார்த்து எத்தனை வருடம் இருக்கும்? கருகிய பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்ட அந்த ஒல்லி ஆள், நடுவில் எங்கே போயிருந்தான்? அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உப்பில்லாக் கஞ்சி வைத்துக்கொண்டு, எப்படி இவ்வளவு நாள் காணாமல் போனான்?

அவன் சட்டென்று நிறுத்தினான். விரல் அவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

"ஃபாங்கிட்ட சொல்லட்டுமா? முடியும்னு சொல்லணும், இல்ல முடியாதுன்னு சொல்லணும். எதுன்னு நீ சொல்லு."

பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். 

*

வீட்டில் அவன் நேரே சமையலறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் வந்தது. ஹுனான் நறுக்கு மிளகாய். உப்பில் ஊறி, புளித்து, மீன் தலைமேல் வெந்துகொண்டிருக்கும் சிவப்பு வாசம். அவன் காரம் தின்னமாட்டான். சமைக்கும்போதே கண்ணில் நீர் வழியும், மூன்று முறை தும்முவான். ஆனாலும் வருடத்தில் சில நாள், பரிசோதனை இல்லாத வாரத்தில், அவளுக்காகச் செய்வான்.

ஒன்று, இரண்டு, மூன்று. தும்மல் சத்தம் கேட்டது.

லெய் மூக்கைப் பிடித்துக்கொண்டே மேலே வந்துவிட்டான். "மாடிப்படி வரைக்கும் அடிக்குது. யாருக்குக் கல்யாணம்?"

மூஷெங் முதலில் இஞ்சிப்பாகில் மிதக்கும் உருண்டைகளை வைத்தான். அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போய் வாசல் நிலையில் அழுத்தி ஒட்டினான்.

"வருஷா வருஷம் கேக்கறேன். கதவுக்கும் வயசாகணுமா மாமா?"

"வீட்ல எல்லாருக்கும் ஆகும்போது அதுக்கு மட்டும் ஏன் மிச்சம் வைக்கணும்?"

பிறகு அவன் மீன் தலைத் தட்டைக் கொண்டுவந்து லான்ஷியாங்கின் எதிரில் வைத்தான்.  தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

அவளுக்குப் புரிந்தது. தெருவில் கேட்ட கேள்வியைத்தான் தட்டில் வைத்திருக்கிறான். ஒரு துண்டு தின்றால் மூன்று நாள் அவள் நாக்கு செல்லாது. நாளை மறுநாள் இரவு விமானம் போய்விடும். அவன் முடியாது என்று ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் யாரையும் தடுத்ததாக ஆகாது. பண்டிகை, மனைவிக்குப் பிடித்ததைச் செய்தான், அவள் சாப்பிட்டாள். அவ்வளவுதான்.

எவ்வளவு அன்பாக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறான்.

அவள் சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தாள். மிளகாய்க்கு அடியில் மீனின் கன்னத்துச் சதை வெள்ளையாகத் தெரிந்தது. வாயில் எச்சில் ஊறியது. அம்மா அருகில் நின்று 'தின்னுடி' என்பதுபோல இருந்தது. ஷாஜிங் வந்த முதல் வருடம் இந்த ருசிக்காக அவள் தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறாள்.

மூஷெங் தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளங்கையில் அவன் விரல் வரைந்த கோடு இன்னும் இருப்பதுபோல இருந்தது. சூடு இங்கே, திரவம் இங்கே.

லான்ஷியாங் குச்சிகளைக் கீழே வைத்தாள். தட்டை இரண்டு கையாலும் தம்பியின் பக்கம் நகர்த்தினாள்.

"நீ சாப்பிடு லெய்."

"முழுசுமா? உனக்கு?"

"எனக்கு நாளன்னிக்குப் பரிசோதன இருக்கு."

லெய் மகிழ்ச்சியோடு மீன் கண்ணைத் தோண்ட ஆரம்பித்தான். மூஷெங் தலை நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். எழுந்து, கைப்பேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான்.

அவள் ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். பால்கனிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

"ஆமா ஃபாங் சார், நான்தான். என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சுபோச்சு... நாளைக்குச் சாயங்காலமே கொடுத்துடலாம். ஆமா, அவதான் கையெழுத்துப் போடுவா." அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டான். "பாத்தாம் சரிதான் சார். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நிபந்தன இருக்கு. அது நடக்காதுன்னா நான் போகல, போர்டையும் வேற யாராவது பாத்துக்கட்டும்."

அவன் திரும்பினான். கண்ணாடிக்கு உள்ளே அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் கதவை இழுத்துச் சாத்தினான். அதன்பிறகு அவன் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. நீளமாகப் பேசினான். ஒருமுறை கையை நெஞ்சில் வைத்தான்.

"அப்படி என்ன நிபந்தனக்கா?" என்றான் லெய், காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தெரியல," என்றாள் லான்ஷியாங்.

வாயில் இருப்பது இனிக்கிறதா, இஞ்சி உறைக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.